வயிற்றுக்கு வந்த தையல்

என் அருமை மச்சான் குமரேசா,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உன் தங்கை கோகிலாவிடம் நான் சொல்லாமல் வைத்திருக்கும் செய்தி ஒன்றும் இருக்கிறது. அது என்னவென்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பெங்களூரில் எந்த நாற்காலியிலும் என்னால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை.

முதலில் நல்லது. நானும் கோகிலாவும் இங்கே ஒரே அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறோம். வெளிநாட்டுக் கடைகளுக்காகத் திருப்பூரில் பனியன் வாங்கித் தரும் அலுவலகம். 'இன்று மாலைக்குள் பதில் தேவை' என்று மெயில் வந்தால், பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனியில் நாம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவோமே, அந்த மெயிலை இப்போது நான்தான் அனுப்புகிறேன். அனுப்பிவிட்டு நிதானமாக டீ குடிக்கிறேன். மாலையில் இங்கே யாரும் அந்தப் பதிலைத் தேடுவதில்லை. இதற்காகவா நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனாய்?

எங்கள் சம்பளம் கூடிய செய்தி எங்களுக்கு முன்பே இந்த ஊர் வீட்டுக்காரர்களுக்கு எட்டியிருந்தது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் பால்கனி என்று காட்டப்பட்ட இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். தம்பதிகள் முறை வைத்துக் காற்று வாங்க வேண்டும். கம்பெனி கொடுத்த அறை பதினைந்து நாளுக்குத்தான். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் அவள் பெண்கள் ஹாஸ்டல், நான் ஆண்கள் ஹாஸ்டல். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அந்த வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை.

பதின்மூன்றாம் நாள் ஒரு மாடி வீடு பார்க்கப் போனோம். கீழ் வீட்டில் உரிமையாளர், ஓய்வுபெற்ற அதிகாரி, தமிழர்தான். வேலை கொடுத்தவர்கள்கூட என்னை அவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

"ஊர்லேர்ந்து யாராவது வந்து தங்குவாங்களா?"

"வந்தாலும் நிக்கோணுமுங்க. நாங்க ரெண்டு பேரு உக்காந்தாவே ஹாலு நெறஞ்சு போயிருமுங்களே" என்றாள் கோகிலா.

அவர் சிரித்தார். ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். வயிற்றைத் தடவிக்கொண்டே, "இந்த டீ ஷர்ட் பையன் அமெரிக்காலேர்ந்து அனுப்பினது. இந்த மாதிரித் துணியெல்லாம் நம்ம நாட்டுல வராது" என்றார்.

பச்சைப் பனியன். மார்பில் வெள்ளைப் படகு. நான் உடனே மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்தப் படகை நம் கம்பெனியில் யார் மறப்பார்? உன் பக்கத்து மேசையில் நாலு வருடம் தையல் குறை தேடிச் செக்கிங் பார்த்தவள் மறப்பாளா? நம் ஊரில் கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரரின் பனியன் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்ப்போம். அவரும் நம்முடையதைப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் உன் தங்கை எட்டி அந்த மனிதரின் பனியன் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிவிட்டாள்.

"ஏம்மா! என்ன பண்றே?"

"மன்னிச்சுக்கோங்க சார், கை அதுவாப் போயிருச்சுங்க. இது எங்க கம்பெனில தெச்சதுங்க. இடுப்போரம் இருக்க வேண்டிய தையலு வயித்துக்கு வந்திருக்குது பாருங்க. துணியிலயே கோளாறுங்க."

அவர் முகம் பனியனைவிடப் பச்சையாயிற்று. நான் மனத்துக்குள் ஆண்கள் ஹாஸ்டலில் படுக்கை விரித்துவிட்டேன். அப்போது சமையலறையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு வந்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. துணியிலயா கோளாறு?"

"ஆமாங்க. யாரு எப்படித் தொவச்சாலும் திரும்பிக்குமுங்க."

"கேட்டுக்கோங்க" என்றார் அந்த அம்மாள் கணவரிடம். "ரெண்டு வருஷமா நான் துவைச்சுக் கெடுத்துட்டேன்னு பேச்சு. நீ சாவியை வாங்கிக்கோ கண்ணு."

இப்படித்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது, மச்சான். நீ பாஸ் பண்ணக்கூடாது என்று சொன்ன பனியனால்.

திரும்பும்போது ஆட்டோவில் கோகிலா கேட்டாள். "ஏனுங்க, ஒரு நூலு பிசிறு இருந்தாலே திருப்பி உடுற மனுசன். எங்கண்ணன் இதுல எப்படிங்க கையெழுத்துப் போட்டுச்சு? அப்பவே கண்ணு மங்கிருச்சாட்ட இருக்குது. நாமதான் கவனிக்காம உட்டுட்டோம்."

"சிக்னல் போட்டுட்டான்" என்றேன். அந்தச் சிக்னல் சிவப்பாகத்தான் இருந்தது.

உன் கண் மங்கவில்லை. நீ ஒரு பனியனை நாலு தடவை துவைத்துக் காயவைத்து என் மேசையில் விரித்தாய். "நாலு தண்ணிக்கே தையலு திரும்புது மாப்ள. போகப் போக வயித்துக்கு வந்துரும். இது போகக்கூடாது." கப்பலேற்றும் தேதிக்கு ஒத்துக்கொண்டவன் நான். "கப்பல் கெளம்பிரும் மச்சான். உன் தங்கச்சி புருசன் வேலை போயிரும். ஒரே ஒரு கையெழுத்து" என்றேன். நீ பனியனைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாய்.

புகார் வந்தபோது கையெழுத்து யாருடையது என்று மட்டும்தான் கேட்டார்கள். உன்னைச் செக்கிங்கிலிருந்து அட்டைப்பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். நீ என் பெயரைச் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றவா, அவளையா? கேட்கலாம் என்று நாளைக் கடத்தினேன். நீ ஒரு காலைப்பொழுதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

கீழ் வீட்டுப் பெரியவர் இன்னும் அதே பனியனில்தான் நடைப்பயிற்சி போகிறார். நான் மேலே ஹாலில் நடக்கிறேன். சுவருக்குச் சுவர் ஒன்பது அடி. "உங்க வீட்டுக்காரர் நடந்துக்கிட்டே இருக்காரே, சுகரா?" என்று அந்த அம்மாள் விசாரித்தாராம். "இல்லீங்க, ஊட்டுலயும் அவுங்க ஷிப்மென்ட்டு நெனப்புலயே இருக்கறாங்க" என்று கோகிலா சொல்லிவிட்டாள். அவள் சொன்னது பெரும்பாலும் சரி.

அந்த அம்மாள்மேல் இருந்த பழி ஒரு நிமிடத்தில் போயிற்று. உன்மேல் இருப்பதை எடுக்கக் கூடியவன் ஒருவன்தான். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதாக இருக்கிறேன். அதற்கு முன் நாளைக் காலை கோகிலாவிடம் கொடுப்பேன். அவள் படித்து முடிக்கும்வரை எழுந்து நடக்கமாட்டேன், எதிரே உட்கார்ந்திருப்பேன். அவள் வேண்டாமென்று கிழித்துப் போட்டால், போட்டதுதான். பாஸ் பண்ணச் சொல்லி இந்த முறை நான் கெஞ்சமாட்டேன், மச்சான். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கையின் கணவன்,
உன் கையெழுத்தால் வேலை தப்பிய மாப்பிள்ளை