சபியாவின் நெஞ்சுக்குள் கேட்டது

2-11-67, வியாழன்
விடியலிலிருந்து தூறல். சைக்கிள் கடையில் ஈ ஓட்டினேன். வாடகைக்குப் போன வண்டி ஒன்று செயின் அறுந்து திரும்பியது.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் திக்ரு. வட்டமாக உட்கார்ந்து இறைவன் பேரைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் உருகுகிறார்கள். பக்கத்தில் பீடிக்கடைக்காரர் விம்மி அழுதார். எனக்குக் கால் மரத்தது, அவ்வளவுதான். ஷெய்கிடம் சீடனாகி இத்தனை வருஷம். நாக்கு நின்ற பிறகும் நெஞ்சு தானாக ஓதும், அதுதான் வாசல் என்பார் அவர். எனக்கு நாக்கு மட்டும்தான்.

5-11-67, ஞாயிறு
நல்ல மழை. ஓட்டில் ஒழுகல், இரண்டு இடம். சபியா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவள் குழவியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர். மிளகாய் என்று நினைத்தேன்.

"மச்சான், நெஞ்சுக்குள்ள யாரோ அல்லா அல்லாங்குறாக. நான் சொல்லல. வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். அரைக்கையில, துவைக்கையில, எந்நேரமும் கேக்குது. பயமா இருக்கு. எனக்கு என்னமும் சீக்கா?"

என்னவென்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "வெறும் வயித்தோட இருக்காத" என்று சொல்லிவிட்டு ஒழுகலுக்குச் சட்டி வைக்கப் போனேன்.

6-11-67, திங்கள்
சந்தை. வெங்காயம், கருவாடு, மாமிக்கு வெற்றிலை.

பொறாமை. இதற்கு வேறு பேர் கிடையாது. ஓதக் கற்றதைப் பாதியில் நிறுத்தியவள். சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பினால் சிணுங்குகிறவள். அவளுக்கா? நான் என்ன குறை வைத்தேன்?

சோறு இன்றும் குழைந்துவிட்டது. மாமி, அவளைப் பெற்றவள், எங்களோடுதான் இருக்கிறாள், பிடித்துக்கொண்டாள். "புள்ள மேல ஜின்னு ஏறியிருக்கு மாப்ளே. அந்தி நேரத்துல புளிய மரத்துப் பக்கம் போனா. பள்ளிவாசல் அசரத்துக்கிட்ட சொல்லி ஓதிப் பாருங்க."

ஷெய்குக்குக் கார்டு எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி. கிழித்துவிட்டேன்.

9-11-67, வியாழன்
அசரத்து நல்ல மனுஷர். ஓதுவதற்கு முன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீரு திக்ருல உக்காருற ஆளு. இது ஜின்னுதானா? உமக்கு என்ன தோணுது?"

"மாமி சொல்றதுதான் சரி, அசரத்து" என்றேன்.

ஓதி ஊதினார். கழுத்தில் தாயத்து. ஓதிய தண்ணீரைச் சபியா என்னையே பார்த்துக்கொண்டு குடித்தாள். திக்ருக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

13-11-67, திங்கள்
வெயில். பஞ்சர் வேலை நிறைய. டியூப் வாங்க வேண்டும்.

நெஞ்சுக்குள் கேட்டது நின்றுவிட்டதாம். மாமி அக்கம்பக்கத்துக்கெல்லாம் சீனி கொடுத்தாள். ரசத்தில் உப்பு, புளி எல்லாம் சரி. சபியா பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீரா நிறுத்தியது, இவளுடைய பயமா? யாரிடம் கேட்பது. எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

17-11-67, வெள்ளி
மூட்டம். சபியா சாப்பிடவில்லை.

"அது கெட்டதா இருந்தா, போனப்புறம் எனக்கு ஏன் இம்புட்டு அழுகை வருது மச்சான்? வீட்டுல ஒரு ஆளு இல்லாத மாதிரி இருக்கு."

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாயிற்று என்று சட்டையை எடுத்து மாட்டினேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி.

20-11-67, திங்கள்
பனி. சுபுஹு தொழுது அப்படியே உட்கார்ந்திருந்தேன். சபியா கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். தாயத்தைக் கழற்றியிருந்தாள்.

"நீங்க உக்காந்து ஓதுறீகள்ல, அதை எனக்கும் சொல்லித் தாங்க. அது திரும்ப வரணும்."

ஓதிக் காட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பின்னாலேயே சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"வரலையே. உங்களுக்கு மொத மொத எப்ப வந்துச்சு மச்சான்?"

உள்ளே நடப்பதை வெளியில் சொல்லக் கூடாது, ஷெய்குடைய உத்தரவு என்றேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.