ஏழாம் கோப்பு ஏன் கத்தவில்லை?

மார்ச் 3, செவ்வாய்
நோட்டே, இந்தக் கோணல்மாணலைப் பொறுத்துக்கொள். எழுபத்திரண்டு வயதில் எழுதப் பழகிய கை. இரண்டு வரிக்குள் டீ ஆறிவிட்டது. இருக்கட்டும் — நான் எழுதுகிறேன்!

மார்ச் 4, புதன்
மகளின் வேலையில் எனக்கும் பங்கு. கணினிக்கு அடியில் ஓடும் கர்னல் நிரலைப் பிரித்து ஒழுங்குபடுத்துகிறாள். திங்களன்று அது ஆஸ்பத்திரி மூச்சுக்கருவிகளுக்குப் போகிறது. நிரலை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் ஒரு சோதனைக் கருவி உண்டாம். அதன் எச்சரிக்கைகளை அவள் வாசிக்க, எந்தக் கோப்புக்கு எத்தனை என்று நான் எழுதினேன்.

எல்லாம் பூட்டு விவகாரம். உள்ளே போகிற வேலை பூட்டை எடுக்கவேண்டும், வெளியே வரும்போது விடவேண்டும். விடாவிட்டால் அடுத்தது காத்தே கிடக்கும், இயந்திரம் உறைந்துவிடும்.

"ஒத்தைத் தண்டவாளத்து டோக்கன் மாதிரி" என்றேன். டோக்கன் கையில் இருக்கிற ரயில்தான் அந்தப் பாதையில் போகலாம்; முப்பது வருடம் அதைக் கொடுத்து வாங்கியவன் நான். எழுதத் தெரியாததால் பதிவேட்டில் கைநாட்டு.

"அதேதான்ப்பா. பீத்திக்காம எழுதுங்க."

நாற்பத்தோரு எச்சரிக்கை. ஏழாம் கோப்புக்கு மட்டும் பூஜ்யம்.

மார்ச் 5, வியாழன்
இருப்பதிலேயே சிக்கலானது ஏழுதான் என்று அவளே சொன்னாள். பிறகு எப்படிப் பூஜ்யம்? அடிக்கவேண்டிய மணி அடிக்கவில்லை என்றால் எவனோ கம்பியைக் கழற்றியிருக்கிறான். யார்? அவளோடு வேலை பார்க்கும் மீசைக்காரர்தான். திரையில் வந்து, "விடும்மா, அந்தக் கருவி சும்மா கத்திக்கிட்டே கெடக்கும்" என்று சிரிக்கிறார். எதற்குச் சிரிப்பு?

மார்ச் 6, வெள்ளி
சொல்லிவிட்டேன். "அந்த ஆளு என்னமோ பண்ணியிருக்கான்."

"உங்களுக்குத் தபால்காரர் மேலயும் சந்தேகம்தான்" என்றாள். ஆனாலும் கோப்பைத் திறந்தாள்.

மார்ச் 7, சனி
அகப்பட்டது. 'இங்கே எச்சரிக்காதே' என்று கருவிக்கு ஒரு வரி. அதன் கீழே, பிழை வந்தால் பாதியில் வெளியேறும் வழியில், பூட்டை விடவே இல்லை.

"பாத்தியா! மீசை!" என்று துள்ளினேன்.

அவள் துள்ளவில்லை. யார் எழுதியது என்று கணினி காட்டுமாம். காட்டியது. அவள் பெயர்.

"நான்தான்ப்பா. இதை ரெண்டாப் பிரிக்கும்போது, முடியற வரைக்கும் கத்தாம இருக்கட்டும்னு போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

"சத்தமில்லாம திருத்திடேன்" என்றேன். பெற்ற மனசு.

"போன வாரமே ரெண்டு ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போயிடுச்சுப்பா."

ஐயோ, நான் ஏன் சத்தமில்லாமல் திருத்தச் சொன்னேன்?

மார்ச் 8, ஞாயிறு
அவள் சாப்பிடவில்லை. நானும்.

மார்ச் 9, திங்கள்
திரையில் கூடியிருந்த எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். நான் கதவோரம் நின்றேன். அந்த இரண்டு ஆஸ்பத்திரியிலிருந்தும் மூச்சுக்கருவிகளைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்று போகவேண்டிய பெரிய அனுப்புதல் தள்ளிப்போனது. அவள் வேலை போகவில்லை.

மீசைக்காரர் சிரிக்கவில்லை. "நானும் அந்த மாதிரி வரி போட்டிருப்பேன். தேடணும். எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"அப்பா எச்சரிக்கையை எண்ணிப் பட்டியல் போட்டாரு. ஏழுல பூஜ்யம்னதும் உங்க மேல சந்தேகப்பட்டாரு" என்று போட்டு உடைத்தாள், நான் நிற்கும்போதே!

"ஐயா, அந்தப் பட்டியலை அனுப்புங்க. என் கோப்புகளையும் அதே மாதிரி எண்ணிப் பாக்கறேன்" என்றார்.

என் கோணல் எழுத்தை! அதன் அடியில் கைநாட்டு வைக்கவில்லை. பெயர் எழுதினேன்.

அவர் எண்ணிக்கை வந்ததும் சரிபார்க்கவேண்டும் — எதிலாவது பூஜ்யம் இருந்தால்? விரல் மரத்துவிட்டது. அதை அடுத்த திங்கள் எழுதுகிறேன்.