யானையின் முதுகில் ஒரு பிசிறு

இன்று காலை மின்சாரப் பேனலில் ஒரு ரியாக்டர் முதன்முதலாகச் சூடாகும் வாசனை வந்தது. புது வார்னிஷ், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மூக்கை அரிப்பது. உனக்கு அது பிடிக்காது. "நெய்ல்பாலீஷு கடைக்குத் தீ வச்ச மாரி இருக்குதுடி" என்று அன்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, உன் யூனிட்டின் பேனல் அறையைவிட்டு வெளியே போய் நின்றாய்.

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எதுவும் எழுதத் தோன்றவில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை, போய்ச் சேராது. ஆனால் இன்று நடந்ததைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் பொறியியல் படித்து, ஆலைகளின் மின்சாரத்தைச் சோதிக்கும் வேலைக்குப் போனேன். நீ பி.காம். முடித்துவிட்டு, பீங்கான் தொழிற்பேட்டையில் உன் அப்பா விட்டுப்போன யூனிட்டை எடுத்து நடத்தினாய். ஜாடி, விளக்கு, பிறகு அந்த யானைகள். அலமாரி அலமாரியாக, தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, சுடுவதற்குக் காத்திருக்கும் வெள்ளை யானைகள்.

உன் யூனிட்டில் பவர் ஃபேக்டர் குறைவு என்று மின்வாரியத்திலிருந்து தாள் வந்தபோது என்னைக் கூப்பிட்டாய். விளக்கிச் சொன்னேன். மோட்டார் வேலைக்கு எடுக்கும் கரண்ட் ஒரு பங்கு. காந்தப்புலத்துக்காக எடுத்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி எடுக்கும் கரண்ட் இன்னொரு பங்கு. இரண்டாவது எந்த வேலையும் செய்யாது, ஆனால் கம்பியை அடைத்துக்கொள்ளும். அதை உள்ளேயே கெப்பாசிட்டர் கொடுத்துவிட்டால் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

"அதாவது, வேல வெட்டி இல்லாம வந்து வந்து போற சொந்தக்காரனுக்கு உள்ளயே ஒரு பெஞ்சு போட்டுடலாங்கிற" என்றாய்.

சரியான விளக்கம்தான். அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

அரைக்கும் மில்லுக்கும் களிமண் கலக்கும் மோட்டாருக்கும் கணக்குப் போட்டுக் கெப்பாசிட்டர் பேனலை வடிவமைத்தேன். பீங்கான் சுடும் ஃபர்னேஸைக் கணக்கில் எடுக்கவில்லை. அது வெறும் ஹீட்டர். அதனால் பவர் ஃபேக்டருக்குக் கெடுதல் இல்லை என்பது கல்லூரியில் முதல் வருடப் பாடம். ஆனால் அந்த ஹீட்டருக்கு நீ புதிதாகத் தைரிஸ்டர் கன்ட்ரோல் பொருத்தியிருந்தாய். சூட்டைக் கூட்டிக் குறைக்க, கரண்ட்டின் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டி வெட்டி அனுப்பும் கருவி அது. அதை என் கண்ணால் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு கெப்பாசிட்டர் வெடித்தது. பக்கத்தில் நின்றவர் உன் வயர்மேன் கலியமூர்த்தி. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிற்று.

நான் வந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நீ பேனலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். கண் சிவந்திருந்தது.

"பத்து நாளா சொல்லிக்கிட்டிருந்தேன்டி. கரண்டுல பிசிறு இருக்குது. பேனல் கத்துது."

"பிசிறு எல்லாம் வயர்மேன் பார்க்க வேண்டியது. கம்பியைச் சரியாக முறுக்கி வைத்திருக்க மாட்டார்."

"அவரு வேலையில பிசிறு இருக்காது."

நீ அப்படிச் சொன்னதாலேயே நான் தேடினேன். இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கம்பி இழை ஒன்று, ஒரே ஒன்று, ஒரு முனையில் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து உன் முகத்துக்கு நேரே காட்டினேன். இப்போது நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கணத்தில் எனக்கு இருந்த திருப்திதான்.

விபத்துக்குக் காரணம் என்ன என்று எழுதித் தரும்படி தொழிற்பேட்டை அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: வயர்மேன் இணைப்பைக் கவனக்குறைவாகச் செய்ததால் சூடேறி வெடித்தது. கையெழுத்துப் போட்டு அந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்தேன். அவருடைய லைசென்ஸ் போய்விடக்கூடிய வரி அது. போகாவிட்டாலும் இந்த ஊரில் எந்த யூனிட்டும் அவரைப் பேனலைத் தொட விடாது. நீ வாங்கிப் படித்தாய். மடித்தாய்.

மறுநாள் மத்தியானம் போன் செய்து, உடனே வா என்றாய். வந்ததும் உன் கையில் சுடாத யானை ஒன்று. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் முதுகில் இழுத்தாய். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று விரலில் தட்டியது.

"இதுதான் பிசிறு. உன் ஒயர்ல இருக்கிறது இல்ல. வழவழன்னு போக வேண்டியது இங்க துருத்திக்கிட்டு நிக்குது பாரு. கரண்டும் இப்படித்தான் வருது. காதுல கேக்குதுடி எனக்கு."

"கரண்ட் காதில் கேட்குமா?"

"சூடு ஏறுறப்ப, ஃபுல்லா போறப்ப சத்தமே இல்ல. ஏறின சூட்டை அப்படியே புடிச்சு வக்கிறப்பதான் கத்துது. லூஸா இருந்தா ஃபுல்லா போறப்பவும் கத்தணும் இல்ல? இன்னா படிச்ச நீ?"

முழுச் சூட்டில் தைரிஸ்டர் அலையை வெட்டுவதே இல்லை. பாதிச் சூட்டில் வைத்திருக்கும்போதுதான் வெட்டும். இருபது வருடப் படிப்பும் வேலையும் இருந்த எனக்கு வராத யோசனை, யானைக்கு முதுகு தேய்க்கும் உனக்கு வந்திருந்தது. உன் யூனிட்டில் எல்லோரும் நாள் முழுக்கச் சொல்லும் 'பிசிறு' என்ற சொல்லை நான் என் தொழிலின் சொல்லாக எடுத்துக்கொண்டு கம்பியில் தேடியிருக்கிறேன்.

தெரிந்த கல்லூரி ஒன்றில், கரண்ட்டின் அலையை அளந்து காட்டும் அனலைசர் கடன் வாங்கி வந்து மாட்டினேன். திரையில் வந்த அலை அலையாகவே இல்லை. இருபுறமும் கொத்தப்பட்டு, நடுவில் முடிச்சு முடிச்சாக. ஐந்தாவது ஹார்மோனிக், ஏழாவது ஹார்மோனிக். அதாவது, வர வேண்டிய கரண்டோடு ஐந்து மடங்கு, ஏழு மடங்கு வேகத்தில் துடிக்கும் வேண்டாத கரண்டுகள். என் கெப்பாசிட்டர்கள் அவற்றை இழுத்துப் பெருக்கிச் சூடாகியிருந்தன. ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் முன்னால் ஒரு ரியாக்டர் இருந்திருந்தால் அவை உள்ளே வந்திருக்க முடியாது. ரியாக்டர் என்பது டியூப்லைட் சோக்கின் பெரியண்ணன்தான். நான் அதைப் போடவில்லை. வெடித்தது என் வடிவமைப்பு.

உன்னிடம் சொன்னேன். "சரி, போட்டுடு" என்றாய். அவ்வளவுதான். ரியாக்டர் வந்தது, நீ மூக்கை மூடிக்கொண்டு வெளியே போனாய், பேனல் அமைதியானது. ஆனால் கலியமூர்த்தி திரும்பி வரவில்லை. பெண்ணாடம் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கடிதத்தை என்ன செய்தாய் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால், அன்றைக்கே கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம். நீயும் பேச்செடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் டீ குடித்தோம், ஸ்ரீமுஷ்ணத்தில் உன் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒன்றாகப் பஸ்ஸில் போனோம், சினிமாவைத் திட்டினோம். பிறகு ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். கலியமூர்த்தி ஊரைவிட்டுப் போனதற்கு என் கையெழுத்துதான் காரணம் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். அளந்து பார்க்காமல் செய்த இரண்டாவது முடிவு.

இன்று ஒரு டைல்ஸ் யூனிட்டில் புதுப் பேனல். சுவிட்ச் போட வந்த சூப்பர்வைசர் நரைத்திருந்தார். சட்டைக் கையை மடித்தபோது அந்தத் தழும்பைப் பார்த்தேன்.

"மேடம், என்னத் தெரியலிங்களா? கலியமூர்த்தி."

வணக்கம்கூடச் சொல்லாமல், ஏன் ஊரைவிட்டுப் போனீர்கள் என்றுதான் கேட்டேன்.

"சுகர் மில்லுல கூப்ட்டாங்க, போயிட்டேன். மாமனார் வூடும் அங்கதான். இப்ப மறுபடியும் இங்க." பிறகு பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினார். "இந்த மேடம் இல்லன்னா என் லைசென்ஸு அன்னிக்கே போயிருக்கும். ஆஸ்பத்திரில படுத்துருக்கேன், ஓனரம்மா வந்து சொல்றாங்க: 'எங்க இன்ஜினியரு மிஷின் வச்சுப் பாத்துட்டா. உன் கைவேலையில தப்பே இல்லன்னு சொல்லிட்டா. நீ நிம்மதியா தூங்கு'ன்னு. பேட்டை ஆபீஸ்லயும் அவங்களே அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க."

"நான் கொடுத்த லெட்டரை யாரும் காட்டவில்லையா?"

"எந்த லெட்டரு மேடம்?"

அப்படியே அங்கிருந்த கேபிள் உருளைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடமாக மார்பில் வைத்திருந்த ஒரு கல் யாரும் தூக்காமலே இறங்கிப் போயிருந்தது. சிரிப்பு வந்தது. எனக்கு அது எப்படி வரும் என்று உனக்குத் தெரியும், சத்தம் இருக்காது.

சும்மா விட்டிருக்கலாம். முடியவில்லை. எல்லோர் முன்னாலும் அவரிடம் சொன்னேன்: தப்பு என்னுடையது, முதலில் உங்கள் மேல்தான் எழுதினேன், கரண்டில்தான் பிசிறு என்று கண்டுபிடித்தது நான் இல்லை, உங்கள் ஓனரம்மா.

கலியமூர்த்தி தழும்பைத் தடவிக்கொண்டார்.

"அப்ப ஏழு வருசமா உங்க பேரச் சொல்லி நான் போட்ட கும்புடெல்லாம் வேஸ்ட்டா மேடம்?"

"ஆமாம்."

"போங்க மேடம். திருப்பியா வாங்க முடியும்?" என்று சுவிட்சைப் போட்டார்.

நீ கடிதத்தைக் கிழித்தாயோ, யானைகளோடு ஃபர்னேஸில் போட்டாயோ, தெரியாது. என்னைக் காப்பாற்றியதாக என்னிடமே சொல்லாமல் போய்விட்டாய். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எந்த அறிக்கையிலும், காரணம் என்ற இடத்தில், அளந்து பார்க்காமல் ஓர் ஆளின் பெயரை நான் எழுதியதில்லை. இனியும் எழுத மாட்டேன்.

அவர் சொன்னதில் தவறாக இருந்த எல்லாவற்றையும் இன்று திருத்திவிட்டேன். நீ அவரிடம் சொன்ன "எங்க இன்ஜினியரு" என்பதில் உள்ள "எங்க" என்ற ஒரு சொல்லை மட்டும் திருத்தவில்லை. அதை வைத்துக்கொள்கிறேன்.