பிரேக் பிடித்தது நான்தான்

ஜன. 11, ஞாயிறு

பனி. எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும் மஞ்சளாக. ரஃபீக் பாயின் சைக்கிள் குழுவோடு முதல் நாள். அரக்கோணத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். என்னைச் சேர்த்து ஆறு பேர். திருத்தணி – கனகம்மாசத்திரம் – திரும்ப.

நாலு வருடமாக கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில்தான் போகிறேன், எக்ஸ்ரே அறை வேலைக்கு. ஓட்டத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பாய் சொன்னவை:

– முன்னால் போகிறவரின் சக்கரத்தைப் பார்க்காதே, தோளைப் பார்
– வளைந்து வளைந்து போகாதே
– திடீர் பிரேக் கூடாது. பிடித்தே ஆகவேண்டுமென்றால் கத்து

“தனியா போறப்போ உன் இஷ்டம்மா. இங்க உன் பின்னாடி ஒரு ஆளு வந்துகினு இருக்கான். அத்த மறக்காத.”

வீட்டுக்கு வந்தும் விரல்கள் விரியவில்லை.

ஜன. 13, செவ்வாய்

வேலைக்குப் போகும்போது பழகிப் பார்த்தேன். டீக்கடை, ஆட்டோ, பஸ்... ஒவ்வொன்றுக்கும் கை தானாகப் பிரேக்குக்கு. ஊருக்குள் வருவதற்குள் பதினேழு முறை. ஒரு தடவைகூடக் கத்தவில்லை. வெட்கம்.

துணி ஊற வைத்ததை மறந்துவிட்டேன்.

ஜன. 18, ஞாயிறு

கனகம்மாசத்திரத்திலிருந்து திரும்பும்போது. நான் நான்காவது. எனக்குப் பின்னால் லோகு, சத்திரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். கடையோரத்திலிருந்து ஒரு காலி சிமெண்ட் சாக்கு பறந்து வந்தது. பிரேக் பிடித்தேன். வாய் திறக்கவில்லை. பின்சக்கரத்தில் ஓர் உரசல். பிறகு தார் ரோட்டில் இரும்பு தேயும் சத்தம்.

லோகு விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, “என் தப்புதாங்க. ரொம்ப ஒட்டிகினு வந்துட்டேன்.”

பாய்க்குக் கோபம். “எத்தினி தபா சொல்றது லோகு உனக்கு?”

நான் பேசவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். ஞாயிறு எக்ஸ்ரே என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். “ஆடாதீங்க, மூச்சப் புடிங்க” என்று அவரிடம் நானே சொல்லி, நானே எடுத்தேன். இடது காலர் எலும்பு, நடுவில் இரண்டாக. ஆறு வாரம் ஆட்டோ கூடாது என்றார் டாக்டர்.

“அக்கா, படம் நல்லா வந்துச்சா?” லோகு கேட்டார்.

ஜன. 20, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் பாய்: லோகு குணமானாலும் இனிக் குழுவில் வேண்டாம், மற்றவர்களுக்கும் ஆபத்து. மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். நான் போடவில்லை. அதில் என்ன பெருமை.

கணவரிடம் சொன்னேன். “அவனே தன் தப்புன்றான். நீ ஏன் போய் மாட்டிக்கிற?”

ஜன. 21, புதன்

வேலை முடிந்து பஸ்ஸில் சத்திரம். லோகுவின் கை கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மனைவி ரேவதி காபி கொடுத்தார். குடித்துவிட்டால் சொல்ல முடியாது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

“லோகு, பிரேக் புடிச்சது நான். கத்தல. உங்க மேல தப்பில்ல.”

லோகு: “மூணு நாளா என்னையே திட்டிகினு இருக்கேன்க்கா. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

ரேவதி கத்தினார். “இத்த சொல்ல மூணு நாளா? இவர குளிக்க வெக்கறது நானு. ஆட்டோ சும்மா நிக்குது. கெளம்புங்க!”

தெருவில் நின்று பாய்க்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டு “ஆங்” என்றார். அப்புறம், “குரூப்ல நீயே எய்தும்மா.”

எழுதினேன்.

ஜன. 25, ஞாயிறு

குளிர். டயருக்குக் காற்றடித்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றேன். போனேன். யாரும் குட்மார்னிங் சொல்லவில்லை.

பாய் எல்லோர் முன்னாலும்: “லோகுவ நான் தப்பா பேசிட்டேன். அவன் எடம் அப்டியே இருக்கும்.” என்னிடம்: “நீ கடைசி. ஒரு மாசத்துக்கு.”

சரி என்றேன். பின்னால் யாருமில்லை. இருந்தும் பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது.

வந்ததும் லோகுவுக்குப் போன். ரேவதி எடுத்தார்.

“இன்னிக்கும் போனீங்களா?”

“ஆங்.”

“யாராச்சும் வியுந்தாங்களா?”

“இல்லம்மா, யாரும் விழல.”

“செரி. அவரு தூங்கறாரு.” வைத்துவிட்டார்.