ஏற்றத்தில் இழுக்காத லாரி

கார்த்திகை 4, புதன்

காலையில் தூறல். பிறகு வெறும் மூட்டம். துணி காயவில்லை. லாரி இன்றும் கெடிலம் பாலத்து ஏற்றத்தில் திணறியதாக மச்சான் வந்து சொன்னான்.

உலகச் சண்டை முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டி. டீசல். பெட்ரோல் கூப்பனுக்கு அலைய வேண்டாம் என்று ஊரே சொல்லிற்று, வாங்கினேன். விற்றவன் சாவியைக் கொடுக்கும்போது சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

குறித்துக்கொள்ள:
– ஆக்சிலேட்டர் பெடலை அடிவரை மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லையாம்.
– காலை எடுத்தாலும் பெடல் சட்டென்று மேலே வருவதில்லையாம்.
– மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றினால் செகண்ட் கியரை விட்டு மாறவே முடியவில்லையாம்.
– டீசல் முன்னைவிட ஜாஸ்தி குடிக்கிறது.

முதல் மூன்றும் மச்சான் வாய் வார்த்தை. கடைசி ஒன்று மட்டும் நானே பார்த்தது.

கார்த்திகை 5, வியாழன்

மழை இல்லை. செம்மண்டலம் தெருவெல்லாம் சேறு. முடிவெட்டிக்கொள்ள வேண்டும்.

மச்சான் என்றால் என் மனைவி தையலின் தம்பி சபாபதி. நம் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. லாரி ஓட்டுவது அவன்தான். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

வண்டி வந்த நாள் முதல் நான் டீசல் அளக்கிற முறை யாருக்கும் தெரியாது. காலையில் அவன் குளிக்கப் போனதும், சாயங்காலம் அவன் டீ குடிக்கப் போனதும், டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பது. வெறும் குச்சியில் ஒன்றும் தெரிவதில்லை. சுண்ணாம்பு பூசினால் திட்டுத் திட்டாகக் காய்கிறது. விபூதியைக் குழைத்துப் பூசினேன். பிரமாதம். டீசல் தொட்ட இடம் கறுப்பு, தொடாத இடம் வெளுப்பு. அதிலும் சிதம்பரம் கோயில் விபூதி மாவு மாதிரி மெல்லிசு. சந்தேகம் வந்தால் மத்தியானமும் ஒரு தடவை.

சாப்பிடும்போது தையல்: “தை பொறந்ததும் தம்பி கல்யாணத்த முடிச்சிடணுங்க. சேத்தியாத்தோப்புக்காரங்க நல்ல மாதிரி. பொண்ணும் லட்சணமா இருக்கறா.”

சரி என்றேன். டேங்கில் இன்றும் ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கியிருக்கிறது.

கார்த்திகை 7, சனி

முதுநகர் போய் காதர் ஷெட்டில் வண்டியை விட்டோம். காதர் கிளச் பெடலை இரண்டு மிதி மிதித்தார். தலையை ஆட்டினார்.

“கிளச்சு தேஞ்சு போச்சு. அதான் இழுக்கல.”

பிளேட் மாற்றினார். ஓட்டிப் பார்த்தோம். அதே கதை. உடனே பேச்சு மாறிற்று.

“அப்ப நாசில்தான். நான் மொதல்லயே நெனச்சேன்.”

நினைத்தவர் முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே. டீசல் பீச்சுகிற நாசிலையும் கழற்றிக் கழுவி மாட்டினார். ஷெட்டை விட்டு வரும்போது நன்றாக இழுத்தது, பாலத்துக்கு வருவதற்குள் மறுபடி மூச்சு வாங்கிற்று. நான் கைகால் கழுவப் போனபோது காதரும் மச்சானும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள்.

தலைவலி. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டேன்.

கார்த்திகை 8, ஞாயிறு

நானே லாரியில் ஏறிப் போனேன். உப்பு மூட்டையைச் சிதம்பரம் கடைத்தெருவில் இறக்கிவிட்டு, சேத்தியாத்தோப்பில் மல்லாட்டை ஏற்றுவதாக ஏற்பாடு. வழியெல்லாம் அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டி வண்டியை நிறுத்தச் சொன்னேன். குனிந்து பார்த்தால் பெடலுக்குக் கீழே கோணிப்பை. மழை ஈரத்துக்குக் கீழே விரித்தது சுருண்டு போய்ப் பெடலுக்கு அடியில் முட்டுக்கொடுத்திருக்கிறது. அடிவரை மிதித்ததாக இவன் நினைத்ததெல்லாம் முக்கால் மிதி. மேலே வராமல் மக்கர் செய்ததும் அதனால்தான்.

“அட! இதுக்குப் போயா இத்தினி நாளு?” என்று சிரித்தான். கோணியைத் தூக்கிப் பின்னால் எறிந்தான். பெடல் சரியாயிற்று. எனக்கு என்னவோ சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயமா இது?

முடியவும் இல்லை. வெள்ளாற்றுக் கரை ஏற்றத்தில் பெடல் தரையைத் தொட்டது, வண்டி நடந்துதான் ஏறிற்று. மாட்டு வண்டிக்காரன் ஒருவன் எங்களைத் தாண்டிப் போகும்போது, “கயிறு கட்டி இழுக்கட்டுமா?” என்றான். மானம் போயிற்று.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. சிதம்பரத்தில் மச்சான் கோயிலுக்குள் ஓடிப் போய் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தான். “இந்தாங்க மாமா, விபூதி. வூட்ல சீக்கிரம் தீந்துபோவுதுன்னு அக்கா சொல்லிச்சு. கேட்டு ஜாஸ்தியா வாங்கினு வந்தேன்.”

கரிசனம் ஏன் இவ்வளவு? வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

கார்த்திகை 10, செவ்வாய்

நல்ல மழை. சமையற்கட்டில் ஒழுகல்.

எனக்கு விளங்கிவிட்டது. சேத்தியாத்தோப்பு அரிசி மில் இன்ஜினும் டீசலில்தான் ஓடுகிறது. மூட்டை ஏற்றுகிற நேரத்தில் டின் டின்னாக அங்கே இறக்கிவிட்டு, அளவு தெரியாமலிருக்க டேங்கில் தண்ணீர் விடுகிறான். தண்ணீர் கலந்தால் வண்டி எப்படி இழுக்கும்? எல்லாம் பொருந்துகிறது. இன்று நான்கு தடவை குச்சி விட்டேன். பொட்டலம் பாதியாயிற்று.

பத்து மணிக்குப் பெண்ணின் தகப்பனார் குஞ்சிதபாதம் வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டார். “உங்க மச்சானப் பத்தி நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்க. தாம்பூலம் மாத்திக்கலாம். வண்டியே அவுரு கையில குடுத்திருக்கீங்க. உங்களவிட யாருக்குத் தெரியும்?”

தையல் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: “பையன் கெட்டவன் இல்லீங்க. எதையாவது நம்பி ஒப்படைச்சா மட்டும் ஒரு கண்ணு வெச்சுக்கணும்.”

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டார். உண்மையைத்தானே சொன்னேன். பெண்ணைப் பெற்றவரிடம் மறைப்பது பாவம்.

கார்த்திகை 12, வியாழன்

தையல்: “அவுங்க வூட்லேருந்து ஒரு சேதியும் காணமே. அன்னிக்கி என்னாங்க பேசினீங்க?”

பொதுவாகப் பேசினோம் என்றேன்.

கேட்டுவிட்டு இன்னொன்றும் கேட்டாள். “விபூதி ஏன் இப்படிக் கரையுது? நெத்தியில வெக்கறீங்களா, திங்கறீங்களா?”

நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். மச்சான் புது வேட்டி வாங்கியிருக்கிறான். ஏது காசு?

கார்த்திகை 13, வெள்ளி

வெயில். முடிவெட்டியாயிற்று.

தீர்மானம். ஞாயிறன்று வீட்டு வாசலிலேயே டேங்கை இறக்கி ஒரு சொட்டு விடாமல் வடிப்பது. காதரை வரச் சொல்லியாயிற்று. தையலும் பக்கத்தில் நிற்க வேண்டும். அடியில் தண்ணீர் நிற்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும். தம்பி, தம்பி என்று உருகுகிறாளே.

மச்சானிடம் டேங்க் கழுவ வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. கெட்டிக்காரன்.

கார்த்திகை 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு இல்லை. டீசல் போய்த் துணியில் நின்றது சேறு. சாம்பல் நிறம், களி மாதிரி. டேங்கிலிருந்து டீசல் போகும் குழாயில் அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. பில்டரைப் பிரித்தால் அதுவும் முழுக்க அதே களி.

காதர் விரலில் எடுத்துத் தேய்த்தார். “என்னா இது, சிமிட்டியா? எவனோ வேணும்னே போட்டிருக்கான் சாமி.”

மச்சான் முகர்ந்து பார்த்தான். துணியில் ஒரு மூலையைக் கழுவி, மறுபடி தேய்த்துப் பார்த்தான். அவன் முகத்தில் அப்போதுதான் மாற்றம். “விபூதி மாரி இருக்குது” என்றான்.

தையல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. லாரிக்குப் பின்னால் செருகி வைத்திருந்த குச்சியை எடுத்து வந்து நானே கீழே போட்டேன். நேற்றுப் பூசிய வெளுப்பு இன்னும் பாதி இருந்தது. தினம் பூசிப் பூசி விட்டதெல்லாம் டேங்கிலேயே கரைந்து தங்கியிருக்கிறது. எண்ணெய் வரும் வழி அடைபட்டால் வண்டி எப்படி இழுக்கும்? இழுக்காத வண்டி செகண்ட் கியரில் ஊர்ந்தால் டீசல் ஜாஸ்தி குடிக்காமல் என்ன செய்யும்? ஜாஸ்தி குடிக்கக் குடிக்க நான் இன்னும் ஜாஸ்தி அளந்தேன்.

காதர் வானத்தைப் பார்த்தார்.

மச்சான்: “என் மேலயா மாமா?”



“கேட்டிருந்தா நானே அளந்து காமிச்சிருப்பேனே.” அவ்வளவுதான் சொன்னான். குனிந்து டேங்கைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை. சாப்பிடும்போது மோர் போதுமா மாமா என்று வேறு கேட்டான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. குஞ்சிதபாதத்திடம் நான் சொன்னது இவர்கள் இருவருக்கும் தெரியாது. தையல் புது வேட்டியை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். தாம்பூலத்தன்று கட்டிக்கொள்ள அவள்தான் அவனுக்கு வாங்கிக் கொடுத்தாளாம்.

கார்த்திகை 16, திங்கள்

மழை விட்டு நல்ல வெளிச்சம். விடிந்ததும் மச்சானை எழுப்பி லாரியை எடுக்கச் சொன்னேன். சேத்தியாத்தோப்பில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது என்றேன். என்ன பேச்சு என்று அவன் கேட்கவில்லை. வெட்கத்தோடு சிரித்தான்.

கெடிலம் பாலத்தில் கியர் மாற்றாமலே ஏறிற்று. “பறக்குது மாமா!” வெள்ளாற்றுக் கரையிலும் அப்படியே. வழியில் ஒரு மாட்டு வண்டியைத் தாண்டும்போது ஹாரனை நீளமாக அடித்தான்.

பெண் வீட்டெதிரில் நிற்கக்கூடாது என்று தெருக்கோடியிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டான். நான் மட்டும் போனேன்.

குஞ்சிதபாதம் நாற்காலி போட்டார். நான் சொன்னது தப்பு, பையன் பேரில் ஒரு குற்றமும் இல்லை, சந்தேகம் பிடித்தவன் நான்தான் என்று சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை வாடிக் கிடந்தது.

“வெள்ளிக்கெழம வேற எடத்துல தாம்பூலம் மாத்திட்டோங்க. நீங்களே அப்படிச் சொன்னப்பறம் நான் என்னா பண்ணுவேன்? அவுங்களுக்கு வாக்கு குடுத்துட்டேன்.”

மோர் கொடுத்தார்கள். குடித்தேன்.

திரும்பி வந்தபோது மச்சான் வண்டிக் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தான். நெற்றியில் பளிச்சென்று விபூதி. என்னைக் கண்டதும் சீப்பை மறைத்தான். ஏறி உட்கார்ந்தேன். அவன் ஸ்டார்ட் செய்யவில்லை, ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்க நினைத்ததைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

“வண்டி எப்டி இழுக்குது மாமா?” என்றான்.

“நல்லா இழுக்குது மச்சான்” என்றேன்.