கமர்ஷியல் என்று சொல்லிவிட்டார்கள், அம்மா

கை முழுக்கச் சாயமும் வாய் முழுக்கப் பேச்சுமாக வளைய வந்த என் அம்மாவுக்கு,

முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டதென்று போன ஞாயிற்றுக்கிழமை உன் பேரில் இங்கே மைசூரில் ஓர் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். வைத்தது உன் பழைய மாணவர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவள் நம் தெரு சுமித்ரா. நம் வீட்டு முன்னறையில் பாய் விரித்து நீ டிராயிங் கிளாஸ் எடுப்பாயே, அதில் முதல் ஆளாக வந்து பென்சில் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவளேதான். இப்போது பெரிய ஓவியர். பெங்களூரில் அவள் படங்களுக்குக் கிராக்கி.

அவளுக்கு உன்மேல் பாசம் இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நீ போன அன்று என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். அதனால்தான் கண்காட்சிக்குப் படம் பொறுக்க வந்தபோது பீரோ, பரண் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். காபியும் போட்டுக் கொடுத்தேன்.

குக்கரஹள்ளி ஏரியை நீ வரைந்த படங்களை எடுத்துக்கொண்டாள். சாமுண்டி மலைப் படிக்கட்டை எடுத்துக்கொண்டாள். நான் பரணிலிருந்து உன் தெர்மோகோல் எழுத்துகளை இறக்கினேன். கல்யாண மண்டப வாசலில் மாட்டுவதற்கு மாப்பிள்ளை பெண் பேரை வெட்டி ஜிகினா தூவித் தருவாயே, அதில் மிஞ்சியவை. முனை பேக்கரிக்கு நீ எழுதிய பழைய போர்டும் இருந்தது. சுமித்ரா எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் பேடாம்மா, வேண்டாம். ரொம்ப கமர்ஷியலா இருக்கு. ஆன்ட்டி பேருக்கு மரியாதையா இருக்காது" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரியும் மலையுமா நமக்குச் சோறு போட்டன? அந்த ஏரிப் படங்களை நீ எப்போது போட்டாய்? கல்யாண சீசன் ஓய்ந்து, ஆர்டர் இல்லாத ஆடி மாதத்தில். மிச்சமான நேரத்தில் போட்டதுதான் நீயாம், மற்றதெல்லாம் நீ இல்லையாம்.

அந்தச் சொல்தான் என்னை அதிகம் சுட்டது. கமர்ஷியல். நம் வீட்டில் அது திட்டா அம்மா? தமிழும் கன்னடமும் கலந்த எல்லையோர ராமாபுரத்தில் பத்தாவது முடித்த கையோடு கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நீ. அந்தச் சொல்லை எங்கே பிடித்தாயோ, அதற்கு நீயாகவே ஓர் அர்த்தமும் வைத்துக்கொண்டாய். பேக்கரி போர்டில் கன்னடத்தில் 'பிசி', அதாவது 'சூடு' என்று ஒரே ஒரு சொல்லை எழுதி, மேலே இரண்டு கோடு ஆவி பறக்கவிட்டாய். முதலாளி பன், பப்ஸ், கேக் எல்லாவற்றின் பேரையும் எழுதச் சொன்னார். நீ மாட்டேன் என்றாய். என்னைத்தான் தெருவுக்கு அந்தப் பக்கம் விரட்டினாய்.

"அக்கட்டால போயி நின்னு பாத்துட்டு வா கண்ணு. பஸ்ஸுக்கு நிக்கற மனுசன், கண்ணாடி போடாதவன், அவனுக்கும் தெரியோணும். அப்பத்தான் அது கமர்சியலு."

நான் போய் நின்று படித்துவிட்டுக் கத்துவேன். தெரியவில்லை என்றால் இன்னொரு தடவை எழுதுவாய், அலுத்துக்கொண்டதே இல்லை. இன்றைக்கும் ஒரு விளம்பரத்தை முடித்தால் அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு, வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் நின்று பார்க்கிறேன். கூட வேலை செய்யும் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆர்ட் டைரக்டர் என்று பேர் போட்டார்கள்.

உன் மாணவர்கள் ஆளுக்கு ஒரு படம் மாட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ஒன்றைக் கொண்டுபோனேன். போன மழைக்காலத்தில் ஒரு குடைக் கம்பெனிக்குச் செய்த விளம்பரம். சுமித்ரா அதை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். இது அட்வர்டைஸ்மென்ட் ஆயிற்றே என்றாள். சரி, படம் வேண்டாம், மாணவர்கள் வரிசையில் பேரையாவது போடு என்றேன்.

"நீ மகள் அல்வா? ஸ்டூடன்ட்னு எப்படிப் போடறது? ஃபேமிலில நின்னுக்கோ."

இந்த ஊர்த் தமிழில் அந்த 'அல்வா'வுக்கு 'இல்லையா' என்று அர்த்தம். எனக்கு அன்று நம் தமிழ் அர்த்தத்திலேயே கையில் கொடுத்த மாதிரி இருந்தது. அம்மா, உன் பாயில் என்னைவிட அதிக நாள் உட்கார்ந்தவர்கள் யார்? மற்றவர்கள் மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். நான் எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை காலை ராமாபுரத்திலிருந்து மாமா வந்திருந்தார். உன் தம்பிதான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் உனக்குப் பிடித்த கனகாம்பரம் ஒரு பொட்டலம். இரண்டு பேருமாக ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தது. நடுவில் மாலை போட்ட உன் போட்டோ. அதைவிடப் பெரிதாக, சைட், அதாவது வீட்டுமனை போட்டு விற்கும் ஒரு கம்பெனியின் சின்னம். உன் தாடைக்கு நேர் கீழே அவர்களுடைய வாசகம், கன்னடத்தில்: 'இதுவே உங்கள் நிரந்தர முகவரி.'

மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என் காதோரம் குனிந்து, "ஏங் கண்ணு, அக்காளுக்கு எங்கயாச்சும் சைட்டு வாங்கிப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேராக சுமித்ராவிடம் போனேன். அந்த ஒரு வரியையாவது பேப்பர் ஒட்டி மறைக்கச் சொன்னேன். ஹால் வாடகை அவர்கள் கொடுத்தது, என்ன செய்யட்டும் என்றாள். பிறகு அவளும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். அத்தனை நாளும் அதை போனில் சின்னதாகத்தான் பார்த்திருக்கிறாள். முகம் செத்துவிட்டது. தெர்மோகோல் மரியாதைக் குறைவாம், இது மட்டும் மரியாதையாம். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். என் தொழிலில் தினமும் ஒருவர் வந்து 'எங்கள் சின்னத்தைப் பெரிதாகப் போடு' என்கிறார், ஆனால் செத்த வீட்டில் கேட்டவர் இதுவரை எவரும் இல்லை என்றேன்.

கட்டியவர்களைக் கூப்பிட்டு பிளெக்ஸை இறக்கச் சொன்னேன். தரையில் கவிழ்த்துப் போட்டேன். முதுகுப்பக்கம் சுத்த வெள்ளை. அங்கே குழந்தைகள் ஓவியப் போட்டிக்காக வாங்கி வைத்திருந்த கறுப்பு பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தேன். காற்றில் ஓரம் மடங்கி மடங்கி விழுந்தது. யாரோ வந்து அதை அழுத்திப் பிடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் சுமித்ரா, அவளுடைய பட்டுப்புடவையோடு. கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள் என்று முணுமுணுத்துக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அழைப்பிதழில் போட்டிருந்த பட்டம் எதையும் நான் எழுதவில்லை. இந்தத் தெருக்கள் உன்னை எப்படிக் கூப்பிட்டனவோ அப்படியே எழுதினேன். கன்னடத்தில் 'டிராயிங் ஆன்ட்டி'. அதன் கீழே தமிழில் 'பழனியம்மாள்'. வேறொன்றும் இல்லை. மிச்ச இடம் எல்லாம் வெறுமையாக விட்டேன். மேலே கட்டியதும் மாமா தெருவைக் கடந்துபோய் எதிர்க்கடை முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டினார்.

சைட் கம்பெனிக்காரர் வந்தார். காரிலிருந்து இறங்கி மேலே பார்த்தார். தன் பேர் எங்கே என்றுதான் கேட்பார், ஒரு பிடி பிடிப்போம் என்று தயாராக நின்றேன். அவர் கேட்டதோ, யார் இதை எழுதியது, எழுத்து இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று.

சுமித்ரா, "ஆன்ட்டி மகளு" என்றாள்.

"ஸ்டூடன்ட்" என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. வாசலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசிக் கோபம் உன்மேல்தான். நீ ஏன் ஒரு தடவைகூட இதைச் சொல்லவில்லை? வருகிறவர்களிடமெல்லாம் 'என்ற பொண்ணு, வெளம்பர ஆபீசுல இருக்கறா' என்பாய். சுமித்ரா வந்தால் மட்டும் 'என்ற ஸ்டூடன்ட்டு' என்று தோளைத் தட்டுவாய். சொந்தப் பெண்ணைத் தூக்கி வைக்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாயா? இல்லை, எனக்கே தெரியும் என்று விட்டுவிட்டாயா? தெரியும்தான். ஆனாலும் உன் வாயால் கேட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் அந்தத் தெர்மோகோல் எழுத்துகளை நானே மாட்டுவேன். ஹால் கொடுக்காவிட்டால் நம் வீட்டு வாசலில். உன் பேரை யாருடைய சின்னத்துக்குக் கீழேயும் தொங்கவிட மாட்டேன். சுமித்ரா வந்தால் காபி உண்டு. மாணவர்கள் பேரைக் கேட்டால், முதலில் என் பேரைச் சொல்லிவிட்டுத்தான் அவள் பேரைச் சொல்வேன்.

உன் மாணவி,
உன் மகள்,
கீதா