இடது பக்கக் கிருதா

அன்பு மகனுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முதலில் மூச்சு விட்டுக்கொள். அப்பாவின் முழங்காலில் நாம் பயந்த மாதிரி கட்டி கிட்டி எதுவுமில்லை. மூட்டுத் தேய்மானம்தான். போனில் சொல்லலாமென்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமில்லை என்று சொல் என்று ஜாடை காட்டுகிறார். அதனால்தான் கடிதம். இப்போது அவர் சலூனுக்குப் போயிருக்கிறார். ஆமாம், நம் சலூனுக்குத்தான். கோபப்படாமல் மேலே படி.

நான் அன்றைக்குப் போனில் அழுததும், அடுத்த மாதம் வந்து கடையைக் காலி செய்துவிட்டு எங்களை உன்னோடு அழைத்துப்போவதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிற்க முடியாத மனிதர் எப்படி முடி வெட்டுவார் என்று நானும் உன் பக்கம்தான் இருந்தேன்.

விஷயம் எப்படி வெளியே வந்தது என்று உனக்கு முழுசாகச் சொல்லவில்லையே. கொஞ்ச நாளாகவே காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். கால் விறைத்துக் கிடக்குமாம், நாலடி நடந்தால் சரியாகுமாம். மாடிப்படி ஏறுவதாவது பரவாயில்லை, இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க என் தோள் வேண்டும். கேட்டால், வயசாச்சுல்ல என்று என் வாயை அடைத்துவிடுவார்.

அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். எனக்கு முன்னால் தபால்காரர், மருந்துக்கடைக்காரர், உன் கணக்கு வாத்தியார், மூவரும் நம் கடை வாடிக்கை. மூன்று பேருக்கும் இடது பக்கக் கிருதா வலது பக்கத்தைவிட ஒரு விரல் நீளம்! அப்பா கை வைத்த தலையில் ஒரு நூல் பிசகி நீ பார்த்திருக்கிறாயா? வாத்தியாரிடம் மெல்லக் கேட்டேன். இப்ப எல்லாருக்கும் இப்படித்தாம்மா வெட்டுறாரு, புது ஸ்டைல்னு நெனச்சோம் என்றார். அப்பாவி மனுஷன்.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நேரே கடைக்குப் போய்க் கதவோரம் நின்றேன். உன் அப்பா நாற்காலியைத் திருப்ப மாட்டார், தெரியுமே. உட்கார்ந்தவன் அசையக் கூடாது, வெட்டுறவன்தான் சுத்தி வரணும் என்பது அவர் சட்டம். வலது பக்கம் வேலை ஜம்மென்று நடந்தது. இடது பக்கம் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒடுங்கி நின்று, முழங்காலை மடக்கிக் குனிந்து அளவு பார்க்க வேண்டும். கால் மடங்கவில்லை. நின்ற வாக்கிலேயே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிட்டார். ஆள் போனதும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு தேய்ந்திருக்கிறது, தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றாள். நான் முந்திக்கொண்டு, அப்ப இனிமே படுத்தே கிடக்கணுமா என்று கேட்டேன். ஐயோ, படுக்க விடாதீங்கம்மா, நடமாட்டத்த விட்டாத்தான் கால் இன்னும் இறுகிப்போகும் என்றாள். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். எடையைக் குறைக்கச் சொன்னாள். ஒரேயடியாக நிற்காமல், உட்கார்ந்தும் எழுந்தும் வேலை பார்க்கச் சொன்னாள். கடைசியில் உன் அப்பா, கடைய மூடணுமா டாக்டர் என்று கேட்டார். எதுக்கு மூடணும் என்றாள். அந்தப் பெண் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்!

இப்போது கடையில் உயரமான ஸ்டூல் ஒன்று வந்துவிட்டது. நாற்காலிக்கு எண்ணெய் போட்டாயிற்று, அவர் உட்கார்ந்திருக்க நாற்காலிதான் சுற்றுகிறது. முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தபால்காரர், ராட்டினம் மாதிரி ஜோரா இருக்குய்யா என்றதும் சிரித்துவிட்டார். வீட்டுக் கக்கூஸிலும் உட்காருகிற பீங்கான் வைத்துவிட்டோம், இனி எழுந்திருக்க என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. பயிற்சி செய்யச் சொன்னால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி டிமிக்கி கொடுக்கிறார். நான் விடுவேனா?

வலியே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில சாயங்காலம் முழங்கால் வீங்குகிறது, ஒத்தடம் கொடுக்கிறேன். நாளைக்கு இது கூடலாம். அப்போது நானே உன்னைக் கூப்பிடுவேன், சத்தியம். ஆனால் நேற்று ராத்திரி அவர் வயிறாரச் சாப்பிட்டார், குறட்டை விட்டுத் தூங்கினார். பக்கத்தில் படுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அதனால் அடுத்த மாதம் நீ தாராளமாக வா, ராஜா. அழைத்துப்போக வராதே, பார்த்துவிட்டுப் போக வா. எங்களுக்காக அறை ஒழித்து வைத்திருக்கிறாய், அது அப்படியே இருக்கட்டும். விருந்தாளியாக வந்து பத்து நாள் உன்னைப் படுத்திவிட்டுத் திரும்புகிறோம். உன் அக்கறை அவருக்குத் தெரியாமலில்லை. வாய்விட்டுச் சொல்லத்தான் வராது, நீயும் அப்படித்தானே. இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, அவன் வர்றதுக்கு முன்னாடி அங்க எங்கயும் முடி வெட்டிக்க வேணாம்னு சொல்லு என்றார்.

நல்லா இரு கண்ணா. முடி காதை மூடினாலும் சரி, அப்படியே வா.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா